திரும்பும் வழியை அடைக்காமல்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறீர்களா? முதலில் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து விடுகைப் பத்திரத்தை வாங்கிவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

நாங்கள் செய்யவில்லை. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. நாலாந்தரத்தில் படித்த மகள் அந்த வாரங்களில்தான் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். அதற்கு முந்திய மாதங்களில் ஸ்கூல் வேன் ஹோர்ன் அடிக்கும் நேரத்துக்குச் சரியாக அவளுக்கு வயிற்றுவலி வரும். மருந்து கொடுத்தோம், அதட்டினோம், கெஞ்சினோம். பள்ளி திறந்ததும் அனுப்பவில்லை. கடிதமும் இல்லை, கையொப்பமும் இல்லை. இரண்டரை வருடம் கழித்து ஏழாந்தரத்தில் சேர்க்கப் போனபோது, விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காக ஆறு வாரம் மேசைக்கு மேசை அலைந்தோம். பிழை எங்களுடையது.

வீட்டுக்கல்வியை ஆயுளுக்கும் எடுக்கும் சபதமாக நினைக்காதீர்கள். பிள்ளை வளரும். வீட்டு வருமானம் மாறும். கற்பிக்கிற தாய்க்குச் சுகமில்லாமல் போகும். ஆகவே பாடநூல் வாங்குவதோ, மொழியைத் தீர்மானிப்பதோ, பரீட்சையைத் தெரிவதோ, எதுவானாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு இவள் பள்ளிக்குத் திரும்ப ஆசைப்பட்டால் இது குறுக்கே நிற்குமா? நிற்கும் என்றால் வேறு வழி தேடுங்கள்.

சட்டமும் கோப்பும்

1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஓர் ஒழுங்குவிதி வந்தது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம் என்ற அந்த விதி 1998 இல் நடைமுறையானது. 2016 இல் மேல்வயது 16 ஆக உயர்ந்தது. ஊர் மட்டத்தில் இதைக் கண்காணிக்கக் குழுக்கள் உண்டு. உங்கள் வாசலுக்கு வரக்கூடியவர் கிராம உத்தியோகத்தராகவோ பிரதேச செயலகத்தின் சிறுவர் பொறுப்பு அதிகாரியாகவோ இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லியும் வரலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

வருபவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடையில் பொட்டலம் கட்டவும், பிறர் வீட்டில் தம்பி தங்கையைப் போல் இன்னொரு குழந்தையைத் தூக்கிச் சுமக்கவும் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இந்த மலைநாட்டில் இன்றும் உண்டு. அவர்களை மீட்பது இந்த விசாரணைதான். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையைப் பேசவிட்டு, கோப்பைக் காட்டுங்கள்.

வீட்டுக்கல்விக்கென்று தனிப் பதிவுமுறை இலங்கையில் இல்லை. பதிவு இல்லாத இடத்தில் கோப்புதான் உங்களுக்காகப் பேசும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை, கடைசித் தவணை அறிக்கை ஆகியவை முன்னால் இருக்கட்டும். அதன் பின்னே மாதத்துக்கு ஒரு தாள்: என்ன படித்தாள், எந்தப் பாடநூலில் எத்தனையாம் பக்கம், எங்கே போய்வந்தாள். திருத்திய கணக்குத் தாள்கள், அவளே எழுதிய இரண்டு கட்டுரைகள். அழகாக இருக்க வேண்டியதில்லை. திகதி இருந்தால் போதும். கண்டி மாவட்டத்தில் கண்டி, கட்டுகஸ்தோட்டை, தெனுவர, கம்பளை, தெல்தெனிய, வத்தேகம என ஆறு கல்வி வலயங்கள் உள்ளன. உங்கள் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, பிள்ளையின் கல்வியை வீட்டில் எப்படி நடத்துகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் தபால் பற்றுச்சீட்டை அந்தக் கோப்பிலேயே ஒட்டுங்கள். வலயப் பணிமனையில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான அதிகாரி இருப்பார். பள்ளிக்கு வெளியே உள்ள பிள்ளைகளோடு பழகியவர் அவர். அவரைத் தேடிப் போவதில் நன்மைதான்.

வீட்டுப் பெரியவர்கள்

கடிதம் எழுதுவதைவிடக் கடினமானது அப்பாயியின் முகத்தைப் பார்ப்பது. எங்கள் வீட்டில் அப்பாயி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. “பள்ளிக்கொடத்துக்குப் போகாத புள்ளயா வளக்கப் போற?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் கையொப்பம் போட்டதில்லை, பெருவிரல்தான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்ற கடமை துரைமார் மீது சட்டமாக விழுந்தது 1907 இல்தான். அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும் ஒரே வாத்தியாரும்தான். 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்த பிறகும் தோட்டப் பள்ளிகள் தனியாகவே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். இப்படிக் கிடைத்த பள்ளிக்கூடத்தைப் பேத்தி வேண்டாம் என்கிறாள் என்றால் அந்த மனுஷிக்கு நெஞ்சு வலிக்காமல் என்ன செய்யும்?

வெளிநாட்டு நூல்களைக் காட்டிப் பெரியவர்களோடு வாதாடாதீர்கள். அமெரிக்கர் ஜோன் ஹோல்ட் 1977 இல் பத்திரிகை தொடங்கி வீட்டுக்கல்விக்காக எழுதினார் என்பது அப்பாயிக்கு ஒன்றும் சொல்லாது. பேத்தி படிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் பின்னேரம் பத்து நிமிடம் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டும்படி மகளிடம் சொன்னோம். மூன்றாம் மாதம், வாசிப்புக்கு நேரமாகிவிட்டது என்று அப்பாயியே அவளைக் கூப்பிட்டார்.

எந்தப் பரீட்சை, எந்த மொழி

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு விண்ணப்பம் பள்ளி அதிபர் வழியாகவே போகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளை அதை விட்டுவிட வேண்டியதுதான். என் அபிப்பிராயத்தில் அது இழப்பே இல்லை. பத்து வயதுப் பிள்ளையை அதிகாலையில் எழுப்பிக் கடந்தகால வினாத்தாள் செய்யவைக்கும் ஊர் நம்முடையது.

சாதாரண தரம் அப்படியில்லை. அதற்குத் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும்போது இணையவழியில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி ஞாபகப்படுத்தாது, பத்திரிகை விளம்பரத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேசிய அடையாள அட்டை தேவை. பள்ளிப் பிள்ளைக்கு அதிபர் அனுப்புவார். வீட்டுப் பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் எடுக்க வேண்டும். 15 வயது பிறந்ததும் அந்த வேலையைத் தொடங்குங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பிறப்புச் சான்றிதழைத் திருத்த மாதக்கணக்கில் ஓட வேண்டிவரும். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில் இந்தப் பிழை சாதாரணம். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே பார்த்துவிடுங்கள்.

இப்போதைய அமைப்பில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மூன்று பாடத்தைத் தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யலாம். உயர் தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. குருவிடம் ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைக்கே அவற்றைத் தெரிந்தெடுங்கள்.

லண்டன் பாடத்திட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது வசதியாகவும் தெரியும். ஆனால் பரீட்சைக் கட்டணம் கனமானது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆங்கில மூலத்தில் நான்கு வருடம் படித்த பிள்ளை தமிழ்மொழி மூல வகுப்புக்குத் திரும்புவது மிகவும் சிரமம். விஞ்ஞானத்தில் ‘ஒளித்தொகுப்பு’ என்ற சொல்லையே அவள் கேட்டிருக்கமாட்டாள். அந்தப் பக்கம் போவதென்றால் திரும்பும் வழி குறுகும் என்று தெரிந்தே போங்கள்.

பரீட்சையைத் தவிரப் பள்ளி தந்த, நீங்கள் மறக்கக்கூடிய ஒன்று: தடுப்பூசி. ஆறாந்தரத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, ஏழாந்தரத்தில் ஏற்பு ஊசி, இவையெல்லாம் பள்ளியில்தான் போடப்படுகின்றன. எச்.பி.வி. 2017 இல் தொடங்கியது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. பள்ளியில் இல்லாத பிள்ளையை எவரும் தேடி வந்து போடமாட்டார்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அட்டையோடு போய்க் கேளுங்கள். என் மகளுக்கு முதல் ஊசி ஒரு வருடம் பிந்தியே கிடைத்தது.

பிள்ளை வாசிக்கத் திணறுகிறதா, ஓரிடத்தில் இருக்க முடியவில்லையா, கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்துகிறதா? வீட்டுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் காலம் கடத்தாதீர்கள். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பரிசோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கவும் மருத்துவச் சான்றுதான் வேண்டும்.

ஒரு கோப்பி இலை

பள்ளி காலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு முடிகிறது. 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. அதை அப்படியே வீட்டில் நடத்தப் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்தால் மூன்று மணித்தியாலம் தாராளம். காலையில் கணிதமும் மொழியும். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் தமிழிலேயே இலவசமாக இறக்கலாம். அச்சடிக்கச் செலவாகும், ஒரு தரம் மேலே படிக்கும் பிள்ளையின் பழைய நூல்களைக் கேட்டு வாங்குவது மேல். பாடநூலை விட்டு நெடுந்தூரம் போகாதீர்கள். தரத்துக்குரிய கணிதத்தில் மட்டும் ஒரு தவணைக்குமேல் பின்தங்கவிடாதீர்கள். திரும்பும்போது முதலில் இடறுவது அங்கேதான்.

மிச்ச நேரத்துக்குக் கண்டியைப் போல் ஒரு வகுப்பறை கிடைப்பது அரிது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு கோப்பிச் செடி நிற்கும். அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் இருந்தால் அதுதான் இலைத்துரு. அந்த ஒற்றை இலையை வைத்து நாங்கள் ஒரு மாதம் படித்தோம்.

1869 இல் இந்தப் பூஞ்சணம் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைவது விஞ்ஞானம். நோய்க்கு இரண்டு வருடம் முன்பே, 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்றால் 19 ஏக்கர் எத்தனை பேர்ச்சஸ் என்பது கணிதம், 3,040 என்ற விடை வந்ததும், “நம்ம வீட்டுக் காணி எத்தன பேர்ச்?” என்று மகள் கேட்டாள். அதே 1867 இல் ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. கோப்பி மூட்டையை இறக்கத்தான் அந்தப் பாதை. டெய்லர் 1892 இல் இறந்தார். அவருடைய கல்லறை மஹய்யாவ மயானத்தில் இருக்கிறது. அங்கே போனோம். பிறகு ஹந்தானை ஏறித் தேயிலை அருங்காட்சியகம். 1925 இல் கட்டிய நாலு மாடித் தொழிற்சாலை அது. உருளை இயந்திரத்தின் முன்னால் நின்று, “அப்பாயி இப்பிடி மெஷின் பாத்திருக்காங்களா?” என்றாள். அன்று இரவு அப்பாயி பேசியதைக் கொப்பியில் ஆறு பக்கம் எழுதிக்கொண்டாள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தன் பாட்டனாரைப் பற்றி அப்பாயி அதுவரை எங்கள் எவரிடமும் அவ்வளவு சொன்னதில்லை. இது தமிழ்மொழிப் பாடமா வரலாறா என்று கோப்பில் எழுதும்போது எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டிலும் எழுதினேன்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மழைக்காலத்தில் போங்கள். 147 ஏக்கர், ஒரே நாளில் சுற்றிக் காட்டப் பார்க்காதீர்கள். இராட்சத மூங்கில் புதருக்குப் போய், நிலத்தைப் பிளந்து வரும் ஒரு குருத்தைத் தூரத்திலிருந்தே வேலித் தூணோடு ஒப்பிட்டு உயரம் குறிக்கச் சொல்லுங்கள். மாலையில் திரும்பும்போது மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். நல்ல மழை நாட்களில் அது ஒரு நாளைக்கு 30 சென்டிமீட்டர் வரை வளரும். வளர்ச்சி என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வரைபு கீறுவதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்காது.

வாசிப்புக்கு டி. எஸ். சேனாநாயக்க பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுங்கள். வீட்டில் இணையம் இருந்தால் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1885 இல் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சிங்களத்தைக் கடைத்தெருவில் படிக்கலாம்

வீட்டுக்கல்வியில் கண்டித் தமிழ்ப் பிள்ளை இழக்கக்கூடிய பெரிய சொத்து சிங்களம். பள்ளியில் இரண்டாம் மொழிப் பாடம் சரியாக நடக்காவிட்டாலும் வேனிலும் விளையாட்டிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் அது நின்றுவிடும். நாங்கள் இதைக் கவனிக்க ஒரு வருடம் பிடித்தது. பக்கத்து வீட்டுச் சிங்களச் சிறுமியோடு ஓடி விளையாடியவள் ஒருநாள் பதில் சொல்லத் தெரியாமல் என் பின்னால் ஒளிந்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைச் சந்தை அவள் பொறுப்பு. நான் பையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். “கீயத?” என்று விலை கேட்பதில் தொடங்கி, நாலாம் மாதம் கறிமிளகாய் விலைக்கு மல்லுக்கட்டும் அளவுக்கு வந்தாள். பேருந்தில் டிக்கட் எடுப்பதும் மிச்சக் காசு கேட்பதும் அவள் வேலை. எழுத்தை வீட்டில் தனியாகப் படித்தாள். பேச்சு ஊரில்தான் வந்தது. உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஒரு சிங்கள அயலவர் சம்மதித்தால் அவருடைய பிள்ளைக்கு நீங்கள் தமிழ் சொல்லிக் கொடுங்கள். காசில்லாத, இரண்டு வீட்டுக்கும் நன்மையான ஏற்பாடு அது.

நண்பர்களுக்கு ஞாயிறு வகுப்பை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. கோயில் அறநெறிப் பாடசாலை, அஹதிய்யா, தேவாலய மறைக்கல்வி என்று எந்தச் சமயமானாலும், பள்ளிப் பெயர் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியவை; அந்த ஏமாற்றத்தைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எசல பெரஹரா நாட்களில் நகரப் பள்ளிகள் மூடியிருக்கும். அந்த இரண்டு வாரமும் பழைய வகுப்புத் தோழிகளை வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளையும் அவர்களும் ஒரே மாதிரி விடுமுறையில் இருக்கும் காலம் அது.

ஓர் எச்சரிக்கை. பயம் வந்ததும் பல பெற்றோர் செய்வது காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை டியூஷன் போடுவது. பள்ளியைவிட நீளமான, விளையாட்டு நேரமே இல்லாத, தோழமையற்ற ஒரு நாளைப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பது அது. கணிதத்துக்கு ஒருவர், வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு ஒருவர், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று தாய்மாரைப் பற்றி. அநேகமாக வேலையை விடுபவர் அம்மாதான். நான் கணக்கு வேலையை அரைநாளாக்கிக்கொண்டேன். அந்த அரைச் சம்பளம் வீட்டில் உணரப்பட்டது. அப்பா கிழமையில் இரண்டு பின்னேரமாவது பாடம் எடுக்கவேண்டும் என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் வரும்.

ஒவ்வொரு டிசம்பரும்

வருடத்துக்கு ஒரு நாள், டிசம்பரில், பிள்ளையை உட்காரவைத்து, “வாற வருஷம் பள்ளிக்குப் போக விருப்பமா?” என்று கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதபடி, தனியாக இருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் கோப்பின் கடைசியில் வையுங்கள். விருப்பம் என்றால் உடனே வீட்டுக்குக் கிட்டிய இரண்டு மூன்று பள்ளிகளில் இடைத்தர வெற்றிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதலாந்தரத்துக்குப் போல் இதற்கென்று குறித்த நாள் இல்லை; அதிபரைப் பலமுறை பார்க்க வேண்டியிருக்கும். கோப்பை எடுத்துப் போங்கள். எங்களிடம் விடுகைப் பத்திரம் இல்லாத குறையை இரண்டரை வருடத் திகதியிட்ட தாள்கள்தான் ஓரளவு ஈடுசெய்தன. அவளைச் சேர்த்துக்கொண்ட அதிபர் அவற்றில் அப்பாயியைப் பற்றிய ஆறு பக்கத்தை மட்டும் முழுதாக வாசித்தார்.

முதல் டிசம்பரில் மகள் எழுதித் தந்தது ‘இல்லை’ என்ற ஒரே சொல். இரண்டாவதில், ‘தெரியாது. மழை நின்ற பிறகு சொல்றேன்.’ மூன்றாவது தாளில் பதிலே இல்லை, ஒரு கேள்விதான்: ‘ரெண்டு பின்னல் போடணுமா, ஒண்ணு போதுமா?’